சேவல் கூவியது முந்தியா, பாம்பு தூங்கியது முந்தியா?

'எதுமொதல்' ஆசாமி என்றொரு இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு குனியும்போது கையைக் குறுக்கே நீட்டி, "இருங்க, பருப்பு இன்னும் வரல. பருப்பு வந்து, மேல நெய் வந்து, அப்புறந்தானே சாம்பாரு?" என்று கேட்டு, வாளியைத் திருப்பியனுப்பி, தன்னோடு சேர்த்து அந்த வரிசை முழுவதையும் வெறும் சோற்றைப் பார்த்தபடி உட்காரவைப்பவர் அவர்தான். சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவருக்கு இடமா, கதவு வழியாக ஏறி முதலில் உட்கார்ந்தவருக்கு இடமா என்று இரண்டு பேர் சண்டை போட்டால், மூன்றாவது ஆளாக உள்ளே நுழைந்து விசாரணையைத் தொடங்குகிறவரும் அவர்தான். துண்டு அவருடையதில்லை. இடமும் அவருக்கு வேண்டாம். பல சமயம் அவர் அந்த பஸ்ஸில் போகிறவர்கூட இல்லை.

கெட்டவரா? சேச்சே. குடி கிடையாது, புறணி கிடையாது, அடுத்தவர் பொருளைத் தொடமாட்டார். உலகத்தில் எந்தக் காரியமும் நடக்காமல் போனாலும் பரவாயில்லை, நடந்தால் வரிசைப்படி நடக்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. இந்தச் சின்ன ஆசைக்காகவா ஜனங்கள் தன்னைக் கண்டதும் எதிர்ச்சாரிக்குப் போகிறார்கள் என்று அவருக்கு விளங்கியதே இல்லை.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் கலப்படமில்லாத சரக்கைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் விருத்தாசலத்து செராமிக் தொழிற்பேட்டைக்குத்தான் வரவேண்டும். அங்கே ஃப்யூஸ் கட்டை செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சூளை மேஸ்திரியாக இருந்தார் சக்கரபாணி. களிமண்ணை அச்சில் அழுத்தி, காயவைத்து, மெருகு பூசி, தட்டுத் தட்டாக அடுக்கிச் சூளைக்குள் தள்ளி, வெந்து வெளியே வரும்வரை இருக்கும் அத்தனை வேலைக்கும் ஒரு வரிசை உண்டல்லவா? மனிதர் அங்கே மீனுக்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி இருந்தார். வீட்டில்தான் கொஞ்சம் சிரமம். "பாலு அடுப்புல இருக்குது பாருங்க, அப்படியே மோட்டாரைப் போடுங்க" என்று அவர் மனைவி சொர்ணாம்பாள் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போனால், திரும்பி வரும்போது பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கும், இவர் கூடத்தின் நடுவில் நின்று, "பாக்கறது மொதல்லயா, போடறது மொதல்லயா? நீ 'அப்படியே'ன்னு சொன்னியா இல்லியா?" என்பார். சொர்ணாம்பாள் பதில் சொல்வதை விட்டுப் பதினெட்டு வருஷமாகிறது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் இந்த மனிதரின் கையில் ஒரு சீட்டாட்டம் கிடைத்தது. கிடைத்திருக்கக் கூடாது.

நடந்தது இதுதான். நெருப்பை அணைத்த பிறகும் சூளை ஒரு நாள் மூடியே கிடந்து மெல்ல ஆறவேண்டும். மணிக்கொரு தரம் சூடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை ஒரு ஆள் காவல் இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள்? வாரத்துக்கு இரண்டு பேர் என்று முறைவைத்து, சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அந்த இரண்டு பேரும் சீட்டாடி, தோற்றவர் காவலுக்கு வருவது என்று அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். முதலாளி பழமலைநாதன் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "கம்பெனிக்குள்ள சீட்டாட்டமா? இனிமே ராஜா ராணி எதையும் இங்க பாக்கக் கூடாது" என்று சீட்டுக்கட்டை எடுத்து சூளை வாயில் போட்டுவிட்டார்.

ராஜா ராணி இல்லாத சீட்டுக்கு எங்கே போவது? கம்பெனி வாசல் பெட்டிக்கடையில் ஒரு சூயிங்கம் விற்றது. பாக்கெட்டுக்கு ஒரு படஅட்டை இலவசம். பேய், பாம்பு, யானை, பூதம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம், படத்துக்குக் கீழே அதன் சக்தி. சக்கரபாணி ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல. ஆடலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். ஒரே மாதத்தில் கம்பெனியில் எல்லோர் வாயிலும் சூயிங்கம். "ரெண்டு பாம்பு தரேன், அந்த யானையைக் குடு" என்று நாற்பது வயதுக்காரர்கள் மெருகுத் தொட்டிக்குப் பின்னால் நின்று பேரம் பேசினார்கள்.

ஆட்டத்தின் விதிகள் நாலாக மடித்த ஒரு தாளில், எறும்பு ஊர்ந்த மாதிரியான ஆங்கிலத்தில் இருந்தன. சக்கரபாணி அகராதியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தார். படித்து முடித்த அன்று அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவருடைய கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை என்று சொர்ணாம்பாள் சொன்னாள்.

விதி இதுதான். ஒருவர் ஒரு அட்டையின் சக்தியை ஏவினால் அது உடனே நடந்துவிடாது. நடுவில் வைக்கவேண்டும். எதிராளி விரும்பினால் அதன்மேல் தன் அட்டையை வைக்கலாம். அதன்மேல் இவர் இன்னொன்று வைக்கலாம். இரண்டு பேரும் "போதும்" என்ற பிறகு, மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நடத்தவேண்டும்.

"நாம தட்டு அடுக்கறோமில்ல, அதேதான்" என்று சக்கரபாணி எல்லோருக்கும் விளக்கினார். "கடைசியா அடுக்குன தட்டு, மொதல்ல எறங்கும். கீழ இருக்கறதை உருவ முடியுமா? முடியாது. அவ்வளவுதான் ஆட்டம்."

எல்லோருக்கும் புரிந்தது. அதுதான் ஆபத்து. புரியாமல் இருந்திருந்தால் அடித்துப் பிடித்து ஆடிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்சவல்லியின் முறை வந்தது. அம்சவல்லி சூளைக்குத் தட்டு அடுக்குகிறவள். ஏழு வருஷமாக ஓலைக்கு மேல் ஓலை போட்டுக் காலம் தள்ளிய வீட்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தளம் போடுகிறார்கள். கலவை மிஷின் சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிறது, அந்த ஒரு நாள்தான் கிடைக்கும். கொத்தனார் ஜெயராஜ் நல்ல வேலைக்காரர்தான். ஆனால் வீட்டுக்காரர் கண் கொஞ்சம் அசந்தால் சிமெண்டு ஒரு சட்டி குறையும், மணல் ஒரு சட்டி கூடும். வீட்டில் புருஷன் அர்ச்சுனன் இல்லையா? இருக்கிறார். யார் எது சொன்னாலும் "செய்ங்க, செய்ங்க" என்று தலையாட்டுகிற புண்ணியவான். அவரை நம்பித் தளம் போட்டால் முதல் மழைக்கே வீட்டுக்குள் குடை பிடிக்க வேண்டியதுதான்.

"அண்ணே, இந்த வாரம் என்னை விட்டுடுங்க. அடுத்த வாரம் ரெண்டா ஆடிக்கறேன்" என்று அவள் சக்கரபாணியிடம் கேட்டுப் பார்த்தாள்.

"ரெண்டா ஆடினா, மொத ஆட்டம் இந்த வாரத்துதா, அடுத்த வாரத்துதா?"

அவள் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

எதிரே கொளஞ்சிநாதன். அச்சு அழுத்துகிறவன். அவனுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தது. நல்லூரில் மாமனார் வீட்டில் கிடா வெட்டு. "தளம் இன்னொரு நாளு போட்டுக்கலாம் யக்கா. வெட்டுன கிடா திரும்பி வருமா?" என்றான்.

ஆட்டம் மளமளவென்று போய், கடைசியில் களத்தில் ஆளுக்கொரு அட்டை நின்றது. அவனிடம் கல் யானை: மிதித்தால் எதிரே நிற்பது சாகும். அவளிடம் பச்சைப் பாம்பு: செத்தால், கொன்றவனையும் கூட்டிக்கொண்டு போகும். யானை மிதித்தால் இரண்டும் சாகும். அப்படிச் செத்தால் மிதித்தவன் தோற்றவன். கொளஞ்சி யோசித்தான். கையிலிருந்து தாலாட்டுப் பேயை எடுத்து நடுவில் வைத்தான். எதிராளியின் ஒரு அட்டையைத் தூங்கவைக்கும் பேய். தூங்குகிற அட்டைக்குச் சக்தி கிடையாது.

அம்சவல்லி சிரித்தாள். இதற்காகவே பதினோரு சூயிங்கம் தின்று சேர்த்திருந்த சேவல் அரசனை எடுத்துப் பேயின்மேல் ஓங்கி அடித்தாள். சேவல் கூவினால் தூங்குகிற எல்லோரும் எழுந்துகொள்வார்கள்.

"போதும்" என்றான் கொளஞ்சி. "போதும்" என்றாள் அம்சவல்லி. சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போனாள்.

"இருங்க, இருங்க" என்றார் சக்கரபாணி. "மொதல்ல எது?"

"எது எது மொதல்ல?"

"கடைசியா வெச்சது சேவலு. அப்ப சேவலுதான் மொதல்ல எறங்குது. சேவல் கூவிடுச்சு. அப்ப பாம்பு என்ன பண்ணிட்டு இருக்குது?"

"தூங்கிட்டு இருக்குது."

"எப்படிம்மா தூங்கும்? பேய் இன்னும் கீழ இல்ல கெடக்குது? பாம்பு முழிச்சிட்டு இருக்குது. சேவல் சும்மா கூவிட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம் பேய் வருது, தாலாட்டு பாடுது, பாம்பு தூங்குது. இனிமே யாரு எழுப்புவாங்க?"

அம்சவல்லி தூக்கைக் கீழே வைத்தாள். "முழிச்சிட்டு இருக்கறவள எதுக்கண்ணே சேவலு எழுப்பணும்? அதுக்கென்ன பைத்தியமா?"

"அது சேவலுக்கும் உனக்கும் உள்ள விஷயம். நான் வரிசையைத்தான் சொல்றேன்."

கொளஞ்சி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். ஆனால் அம்சவல்லி பதினாலு வருஷமாகத் தட்டு அடுக்குகிறவள். சுலபத்தில் விடுவாளா?

"அண்ணே, தட்டு அடுக்கறது வரிசையாத்தான் அடுக்கறோம். எறக்கறதும் வரிசையாத்தான் எறக்கறோம். ஆனா வேகறது? வேகறது எல்லாத் தட்டும் ஒண்ணாத்தானே வேகுது? மேல் தட்டு வெந்து முடிச்சிட்டுத்தான் கீழ்த் தட்டு வேகுதா? அட்டை நடக்கறதுன்னா எறங்கறதா, வேகறதா?"

சக்கரபாணி தாளை விரித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தாளில் வேகிறதைப் பற்றி ஒன்றும் இல்லை. நாலு மணிக்கு, மெருகு பூசுகிற உபகாரமேரி தோழிக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். "பாம்பு தூங்கிட்டே செத்துச்சுன்னே வைங்க. செத்ததுக்கப்புறம் தூக்கம் ஏது? செத்தவுடனே தூக்கம் போயிடும், சக்தி வந்துடும், யானையைக் கூட்டிக்கிட்டுப் போயிடும். அவ்வளவுதானே?"

அருமையான வாதம். அம்சவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உபகாரமேரி அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஒண்ணு, எங்க கல்லறைத் தோட்டத்துல எல்லாக் கல்லுலயும் 'இங்கே துயில்கிறார்'னுதான் எழுதியிருக்குது" என்றாள்.

"பாத்தியா, பாத்தியா!" என்றான் கொளஞ்சி. "செத்தாலும் தூக்கம் தூக்கந்தான்!"

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. தீர்ப்பு வரவில்லை. யார் தோற்றார்கள் என்று தெரியாததால், நாளைக் காலை ஆறு மணிக்கு இரண்டு பேருமே வரவேண்டும், தானும் வருவேன் என்று சொல்லிவிட்டு சக்கரபாணி சைக்கிளை எடுத்தார். அவர் ஏன் வரவேண்டும்? தீர்ப்பு சொல்லத்தான். ஞாயிற்றுக்கிழமை காவலுக்கு ஆள் கிடைக்காத கம்பெனியில் இப்போது மூன்று பேர்.

காலை ஏழரைக்கு அம்சவல்லியின் செல்போன் அடித்தது. "யக்கா, மிஷின் வந்துடுச்சு. கம்பியெல்லாம் கட்டியாச்சு. போட்டுடலாமா?"

"இரு ஜெயராஜு, நான் வந்துடறேன். நான் வராம ஒரு சட்டி ஏறக் கூடாது."

"மாமா போடலாம்னு சொல்றாரே."

"அவரு அப்படித்தான் சொல்லுவாரு. போனை வெய்யி."

எட்டரைக்கு மறுபடியும் அடித்தது. "யக்கா, மிஷின்காரன் கத்தறான். வெயில் ஏறுது. ஒன்பதரைக்குள்ள ஆரம்பிக்கலேன்னா மிஷினைத் திருப்பிக்கிட்டுப் போறானாம்."

இங்கே மேல் தட்டைப் பற்றிய விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு முதலாளி பழமலைநாதன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். போகிற வழியில் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர். காவல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பேரும் நடுவில் அட்டைகளும் இருப்பதைப் பார்த்தார்.

"என்னய்யா இது? மறுபடியும் சீட்டா?"

அம்சவல்லிக்கு உயிர் வந்தது. இப்போது கத்துவார், அட்டையை வாரிச் சூளையில் போடுவார், எல்லாரையும் விரட்டுவார். போடட்டும். சாமி, போடட்டும். அவள் செருப்பைத் தேடினாள்.

"இல்லீங்க மொதலாளி, ஒரு சின்ன சந்தேகம்" என்று சக்கரபாணி ஆரம்பித்தார். பேய், சேவல், பாம்பு, தட்டு, கல்லறை எல்லாவற்றையும் சொன்னார். பழமலைநாதன் நின்றுகொண்டே கேட்டார். பிறகு ஒரு காலைத் தூக்கித் தட்டு அடுக்கின்மேல் வைத்துக் கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்தார். நாற்காலி தரையில் இழுபடும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்சவல்லி செருப்பைத் தேடுவதை நிறுத்தினாள்.

"இந்தம்மா சொல்றது தப்பு" என்றார் முதலாளி. "எல்லாத் தட்டும் ஒண்ணா வேகும்னு யாரு சொன்னது? நம்ம சூளையில மேல் தட்டு முந்தி வேகும், கீழ்த் தட்டு பிந்தி வேகும். முப்பது டிகிரி வித்தியாசம் இருக்குது. அதனாலதானே அடித்தட்டுக் கட்டையெல்லாம் பழுப்படிக்குது?"

"அப்ப சேவலுதான் மொதல்லங்கறீங்க."

"மொதல்ல வேக ஆரம்பிக்குது. ஆனா வெந்து முடிக்கறது எது மொதல்ல? அதைச் சொல்லு."

சக்கரபாணி அவரைப் பார்த்தார். இருபது வருஷமாகத் தனக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதரை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர்போலப் பார்த்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. முதலாளி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு உடைந்த தட்டின்மேல் படம் போடத் தொடங்கினார்.

போன் அடித்தது. ஒன்பது இருபது. "யக்கா, மிஷின்காரன் வண்டியில ஏறிட்டான்."

அழுகை வரவேண்டிய இடம்தான். ஆனால் பதினாலு வருஷம் சக்கரபாணியின் கீழே வேலை பார்த்த பெண்ணுக்கு ஏதாவது ஒட்டியிருக்காதா?

"அண்ணே, மொதலாளி, ஒரு சந்தேகம்."

இரண்டு தலைகளும் ஆர்வமாக நிமிர்ந்தன.

"காவல் யாருக்கு?"

"தோத்தவங்களுக்கு."

"இப்ப யாரு தோத்தது?"

"அதானே பாத்துட்டிருக்கோம். இன்னும் யாரும் தோக்கல."

"தோக்காதவங்க எதுக்குக் காவல் இருக்கணும்?"

சக்கரபாணி தாளை மறுபடி விரித்தார். "இருங்க, இருங்க" என்றார், ஆனால் அவளிடம் இல்லை, தனக்குத்தானே.

"நல்ல பாயிண்டு" என்றார் முதலாளி. "தீர்ப்பு வந்தப்புறம் காவலா, காவல் வந்தப்புறம் தீர்ப்பா?"

"இது புதுசுங்க மொதலாளி. கடைசியா வந்த கேள்வி. அப்ப இதைத்தான் மொதல்ல தீர்க்கணும்."

"எழுது, எழுது."

அவர்கள் குனிந்தார்கள். அம்சவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். கேட்டைத் தாண்டியதும் ஓடினாள். நாலு நிமிஷம் கழித்து, அதே சந்தேகம் தனக்கும் பொருந்தும் என்பது கொளஞ்சிக்கு உறைக்க, அவனும் நல்லூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

ஒன்பதரைக்கு மிஷின்காரன் சாவியைத் திருகும்போது அவள் வண்டிக்கு முன்னால் நின்றாள். ஒவ்வொரு சட்டியையும் அவள் கண் பார்த்தபிறகுதான் மேலே ஏறவிட்டாள். ஜெயராஜ் அன்று வாழ்நாளில் போடாத அளவுக்கு நல்ல தளம் போட்டார். அர்ச்சுனன், "செய்ங்க, செய்ங்க" என்றார்.

கம்பெனியில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? முதலாளியும் மேஸ்திரியும் மாலை ஆறு மணிவரை அங்கேயே இருந்தார்கள். எழுந்துபோக மனசு வரவில்லை. மணிக்கொரு தரம் மேஸ்திரி எழுந்து சூட்டைப் பார்த்துச் சொல்ல, முதலாளி நோட்டில் எழுதினார். சூளை அவ்வளவு அழகாக எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆறியதில்லை. ஒரு கட்டைகூட விரிசல் விடவில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்குத் தீர்ப்பு வந்தது. வேலையை நிறுத்தி எல்லோரையும் கூப்பிட்டார்கள். சேவல் முதலில் கூவியது, வீண். பேய் பிறகு பாடியது, பாம்பு தூங்கியது. யானை மிதித்தது, பாம்பு செத்தது. செத்தபிறகும் துயில்கிறது என்பதற்குக் கல்வெட்டு ஆதாரம் உண்டு. ஆகவே யானை பிழைத்தது. அம்சவல்லி தோற்றாள்.

"அதனால போன ஞாயித்துக்கெழமை காவல் நீதாம்மா" என்றார் சக்கரபாணி.

"சரிங்கண்ணே. ஒத்துக்கறேன்" என்றாள் அம்சவல்லி.

"ஒத்துக்கிட்டா போதுமா? நோட்டுல ஏறணுமே." முதலாளி நோட்டை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், தன்னுடைய கையெழுத்தில் வரிசையாக இருந்த ஒன்பது சூட்டுக் கணக்குக்கு மேலே, 'காவல்: அம்சவல்லி' என்று எழுதினார். சக்கரபாணி அதைப் படித்தார். திருப்தியாகத் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "இருங்க. ஞாயித்துக்கெழமை காவல் இருந்தவங்களுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு உண்டில்லீங்களா?"

"உண்டு" என்றார் முதலாளி. "வரிசைப்படி பாத்தா, கொடுத்துத்தான் ஆகணும்."

வியாழக்கிழமை முழுக்க அம்சவல்லி புதுத் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

இதில் உங்களுக்கு என்ன என்கிறீர்களா? ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கேள்வி. படித்துக்கொண்டு வரும்போது, 'இந்த அம்மா அவசரப்பட்டுவிட்டாளே. பேய் இறங்கிப் பாம்பு கண்ணை மூடியபிறகு சேவலைப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பாளே' என்று உங்களுக்குத் தோன்றியதா? அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று கை பரபரத்ததா? பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு, "இதைக் கேளு, இது தப்பு" என்று ஆரம்பித்தீர்களா?

சற்றுத் தலையைத் தூக்கிப் பாருங்கள். பக்கத்தில் இருந்தவர் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறாரா?